குளத்து நத்தையும் கொட்டில் ஆடும்

மாரி மழை பெய்து குளங்கள் நிரம்பினால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் மனமும் நிரம்பிவிடும். ஏனெனில் எங்கள் மண்ணில் ஆறுகள் இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊடாக ஓடி, அராலியில் கடல்நீரேரியோடு கலக்கும் வழுக்கையாறு ஒன்றைத்தான் குடாநாட்டில் ஆறு என்று சொல்லலாம். அதுவும் மாரிகாலத்தில் மட்டுமே ஓடுகின்றது. தொண்டைமானாறு என்ற பெயரில் ஆறு இருந்தாலும் அது உண்மையில் ஒரு கடல்நீரேரியே. ஆகவே எமது நன்னீர் எல்லாம் கிணறுகளிலும், ஊர்தோறும் உள்ள குளங்கள், கேணிகள், துரவுகளிலுமே தங்கியிருக்கின்றது.

இந்தக் குளங்களில் வாழும் ஒரு சிறிய உயிரினத்தைப் பற்றி இம்முறை எழுதுகின்றேன். அதுதான் நத்தை. நத்தையைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எங்கள் சகோதரிகளில் எத்தனையோ பேர் நான்கு ஆட்டையும் ஒரு மாட்டையும் நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றார்கள். அந்த ஆடும் மாடும் காரணம் தெரியாமல் மெலிந்து சாகின்றபோது, அதற்குப் பின்னால் பல வேளைகளில் இந்தக் குளத்து நத்தையின் பங்கு இருக்கின்றது. அதை அறிந்துகொண்டால் பணச் செலவு அதிகம் இல்லாமலே தடுக்கவும் முடியும்.

"பராமரிப்புக் குறைவு" என்று எழுதப்பட்ட கதை

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். 1990இல் சிறுமியாக இடம்பெயர்ந்தவர். 2009இல் வன்னியில் கணவரை இழந்தவர். இருபது வருடங்களுக்கு மேல் கழிந்து சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தபோது அங்கே வீடும் இல்லை, வேலியும் இல்லை, பற்றைக்காடு மட்டுமே இருந்தது. ஓர் உதவி நிறுவனம் அவருக்கு மூன்று மறியாடுகள் கொடுத்தது. முதல் ஈற்றுக் குட்டிகளில் ஒன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

காணியில் குழை ஒடிக்க மரம் இல்லாதபடியால் அவர் ஆடுகளை அருகிலிருந்த குளத்தடிக்குக் கொண்டுபோய் மேயவிட்டார். முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாரி முடிந்து குளத்து நீர் வற்றத் தொடங்கிய காலத்தில் ஆடுகள் மெலிந்தன. வயிற்றோட்டம் கண்டது. கண்ணின் உட்புறம் வெளிறியது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போல வீங்கியது. காலையில் வற்றியிருக்கும் வீக்கம் மேய்ந்து வரும்போது மீண்டும் கூடியிருக்கும். இரண்டு ஆடுகள் ஒரு மாத இடைவெளியில் இறந்தன.

அயலவர்கள் நாவூறு என்றார்கள். வேறு சிலர் அதைவிடக் கொடுமையாக, தாலி இழந்தவளின் கைராசி என்றார்கள். ஆடு கொடுத்த நிறுவனத்தின் அலுவலர் வந்து பார்த்துவிட்டுத் தமது படிவத்தில் "பராமரிப்புக் குறைவு" என்று எழுதிச் சென்றார். அடுத்த உதவித்திட்டப் பட்டியலில் இவரது பெயர் இல்லை.

"பிள்ளை, நான் கஞ்சி குடிச்ச நாளிலயும் அதுகளை வயிறு நிறைய மேயவிட்டனான். ஆடு செத்தது காசு நட்டம் மட்டும்தான். இவளுக்கு ஒண்டும் தங்காது எண்டு சனம் சொன்னதுதான் தாங்கேலாமல் கிடக்குது" என்று அவர் என்னிடம் சொன்னார்.

மிஞ்சிய ஆட்டின் புழுக்கையை ஒரு சிறு போத்தலில் எடுத்துக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இருவரும் போனோம். வைத்தியர் அதை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, தட்டைப்புழுவின் முட்டைகள் இருக்கின்றன என்றார். பின்பு அவர் கேட்ட முதற்கேள்வி, "என்ன தீன் போடுறீங்கள்?" என்பதல்ல. "எங்க மேயுது? எங்க தண்ணி குடிக்குது?" என்பதுதான்.

இந்தக் கேள்வியில்தான் விடயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

புழு போகும் வழி

ஆடு மாடுகளின் வயிற்றில் வரும் புழுக்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. நூல் போன்ற உருண்டைப் புழுக்கள் ஒரு வகை. நாடா போன்றவை இன்னொரு வகை. இலை போலத் தட்டையாக இருப்பவை தட்டைப்புழுக்கள். இவற்றில் ஈரலில் வாழ்பவை உண்டு, இரைப்பையில் வாழ்பவையும் உண்டு. எமது நாட்டு மாடுகளில் காணப்படும் ஈரல் தட்டைப்புழு வளர்ந்தால் 7 சென்ரிமீற்றர் அளவுக்கும் நீளும். அது பித்தக் குழாய்களில் இருந்துகொண்டு ஈரலைச் சிதைக்கின்றது.

தட்டைப்புழு ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு நேரே தொற்றுவதில்லை. அதற்கு நடுவில் ஒரு நத்தை கட்டாயம் வேண்டும். படிப்படியாகப் பார்ப்போம்.

புழு இடும் ஆயிரக்கணக்கான முட்டைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வருகின்றன. தண்ணீரில் விழும் முட்டை, எமது வெப்பத்தில் இரண்டு மூன்று கிழமைகளில் பொரிக்கின்றது. அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு நீந்திப்போய் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் தனக்கு ஏற்ற நத்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் செத்துவிடும். கிடைத்தால் நத்தையின் உடலுக்குள் புகுந்து பல கிழமைகள் தங்கிப் பெருகுகின்றது. உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது நூற்றுக்கணக்கில். அவை வாலுள்ள சிறு உயிர்களாக நீரில் நீந்தி, நீரோரப் புல்லில் ஒட்டி, வாலை உதிர்த்துவிட்டுத் தம்மைச் சுற்றிக் கோது ஒன்றைக் கட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. அந்தப் புல்லை ஆடு மேய்ந்தால் கோது குடலில் உடைந்து புழு உள்ளே போகின்றது. ஈரல் தட்டைப்புழு முதிர்ந்து முட்டையிட மூன்று நான்கு மாதங்கள் எடுக்கின்றது. அதனால்தான் குளத்தடியில் மேய்ந்த அன்றைக்கு ஆட்டுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நோய் தெரிகின்றபோது, அது எங்கே பிடித்தது என்பதும் எமக்கு நினைவில் இருப்பதில்லை.

ஈரமும் நிழலும் இருந்தால் அந்தக் கோது பல கிழமைகள் உயிரோடு கிடக்கும். காய்ந்து, வெயில் சுட்டால் விரைவில் செத்துவிடும். தை மாதம் கழிந்து, குளத்து நீர் மெல்ல வற்றி, மற்ற இடமெல்லாம் புல் கருகுகின்றபோது குளத்தோரம் மட்டும் பச்சையாக இருக்கும். ஆடு மாடுகள் அந்தப் பச்சையைத் தேடித்தான் போகும். மிக ஆபத்தான புல் அதுவேதான்.

இங்கிலாந்திலும் சென்னையிலும் நடந்தவை

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க உலகம் பெரிய விலை கொடுத்தது. 1879, 1880ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் கடும் மழைக்குப் பின் ஏறக்குறைய 30 இலட்சம் செம்மறியாடுகள் ஈரல் தட்டைப்புழுவால் இறந்தன. விவசாயிகள் கலங்கிப்போனார்கள். அதன் பிறகே ஒக்ஸ்போர்ட்டில் தோமஸ் என்ற இளம் ஆய்வாளரும் ஜேர்மனியில் லொய்க்கார்ட் என்ற பேராசிரியரும் தனித்தனியே ஆராய்ந்து, இந்தப் புழு ஒரு சிறிய நத்தைக்குள் வளர்கின்றது என்பதை 1880களின் தொடக்கத்தில் நிறுவினார்கள். அதற்கு முன்பு அங்கேயும் ஆடு வளர்த்தவர்கள் தங்கள் விதியைத்தான் நொந்துகொண்டிருந்திருப்பார்கள்.

தமிழர் வாழும் மண்ணிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. மாடுகளுக்கு மூக்கில் சளி வடிந்து, உள்ளே பூக்கோவா போல ஒரு வளர்ச்சி உண்டாகி, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் வரும் நோய் ஒன்று இருக்கின்றது. சென்னை மாகாணத்தில் இதை ஆராய்ந்த ஆனந்த நாராயண ராவ் என்ற கால்நடை அறிஞர், மூக்கின் இரத்தக் குழாய்களில் வாழும் ஒரு புழுவே காரணம் என்று 1933இல் விபரித்தார். இந்தப் புழுவையும் ஒரு குளத்து நத்தைதான் பரப்புகின்றது. இது புல் வழியாகப் போவதில்லை. மாடு தண்ணீரில் நிற்கும்போது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றது. இலங்கை மாடுகளிலும் இந்நோய் உண்டு. அதைப் பரப்பும் நத்தையின் தொகை ஒரு வருடத்தில் எப்படிக் கூடிக் குறைகின்றது என்பதை இலங்கையிலேயே ஆராய்ந்து 1991இல் வெளியிட்டிருக்கின்றார்கள்.

எந்த நத்தை?

குளத்தில் உள்ள எல்லா நத்தைகளும் இந்த வேலையைச் செய்வதில்லை. வயலிலும் குளத்திலும் பெரிதாக உருண்டு திரண்டு, வாயில் மூடியோடு இருக்கும் நத்தையைப் பலருக்கும் தெரியும். நாம் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, கயிற்றைச் சுருட்டித் தட்டையாக வைத்தது போன்ற ஓடு உள்ளது. முழுதாக வளர்ந்தால் ஐந்து ரூபா நாணயத்தின் அளவு வரும். மூக்குப் புழுவையும் இரைப்பைத் தட்டைப்புழுவையும் பரப்புவது இதுதான். மற்றையது, மெல்லிய, ஒளி ஊடுருவும் மண்ணிற ஓடும் அகன்ற வாயும் கொண்டது. ஈரல் தட்டைப்புழு இதற்குள் வளர்கின்றது. இரண்டுக்கும் மூடி இல்லை. நீர்த்தாவரங்களின் இலைகளுக்குக் கீழே பார்த்தால் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

நத்தை தன் ஓட்டைக் கட்டுவதற்குச் சுண்ணாம்பு வேண்டும். குடாநாடு சுண்ணக்கல் மண். எங்கள் நீரில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. நத்தை ஒட்டியிருக்கவும் உண்ணவும் பாசியும் செடியும் வேண்டும். யுத்த காலத்தில் பல வருடங்கள் மக்கள் நுழைய முடியாமல், தூர்வாரப்படாமல் கிடந்த குளங்களில் அவையும் மண்டிக் கிடந்தன. கோடையில் குளம் வற்றினாலும் நத்தைகள் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. சேற்றுக்குள் புதைந்து கிடந்து, ஐப்பசி மழையோடு வெளியே வந்து மீண்டும் பெருகுகின்றன.

எங்களுக்கும் வருமா?

இதைக் கேள்விப்பட்ட பின் எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வி, பிள்ளைகளுக்கும் வருமா என்பதே. வீண் பயமும் வேண்டாம், கவலையீனமும் வேண்டாம்.

ஆபிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களை வருத்தும் பில்ஹார்சியா என்ற நோயும் நத்தையால் பரவுவதுதான். ஆற்றிலும் ஏரியிலும் இறங்குபவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும் புழு, சிறுநீரில் இரத்தம் போகச் செய்கின்றது. இந்த மனித நோய் இலங்கையில் நிலைகொண்டது இல்லை. எனினும் இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் கிம்வி என்ற ஒரு கிராமத்தில் அது இருந்ததை 1952இல் கண்டறிந்தார்கள். ஐரோப்பா போகும் வழியில் ஆபிரிக்க நாடுகளில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்த உறவினர் எங்களில் பலருக்கு உண்டு. அங்கே ஆற்றிலோ ஏரியிலோ குளித்தவர்களுக்குச் சிறுநீரில் இரத்தம் போனால், அந்தப் பயணத்தையும் வைத்தியரிடம் சொல்லும்படி கூறுங்கள். இதற்கு நல்ல மருந்து இருக்கின்றது.

இந்த நோயில் பெண்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. புழுவின் முட்டைகள் பெண்களின் கருப்பை வாய், பிறப்புறுப்புப் பகுதிகளில் தங்கிப் புண்களை உண்டாக்குகின்றன. ஆபிரிக்காவில் 5 கோடி 60 இலட்சம் வரையான பெண்களுக்கும் சிறுமியருக்கும் இது இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. அவர்களில் பலரைப் பாலியல் நோய் உள்ளவர்கள் என்று தவறாகக் கருதிப் பழி சொல்கின்றார்கள். தண்ணீர் அள்ளவும் துணி துவைக்கவும் ஆற்றில் இறங்கியதுதான் அவர்கள் செய்தது. காரணம் தெரியாத நோய்க்கு ஒரு பெண்ணின் மேல் பழி போடுவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல என்பதை இது காட்டுகின்றது.

எங்கள் ஊரில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தண்ணீர்க் கடி. வயலில் களை பிடுங்கியவர்களுக்கும் குளத்தில் இறங்கியவர்களுக்கும் காலில் சிறுசிறு சிவப்புப் பருக்கள் எழும்பிக் கடுமையாகக் கடிப்பதுண்டு. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று, நத்தையிலிருந்து வரும் பறவைப் புழு, மாட்டுப் புழு ஆகியவற்றின் குஞ்சுகள் வழி தவறி எங்கள் தோலுக்குள் புகுவது. 1928இல் அமெரிக்காவில் கோர்ட் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார். அவை எங்கள் உடலில் வளர முடியாமல் தோலிலேயே செத்துவிடும். சில நாட்களில் கடி மாறிவிடும். சொறிந்து புண்ணாக்காமல் இருப்பதே முக்கியம். வயலில் றப்பர் சப்பாத்து அணிவதும், வெளியே வந்தவுடன் கிணற்று நீரால் கழுவித் துவாயால் அழுத்தித் துடைப்பதும் நல்லது. ஆனால் கடியோடு நின்றுவிடாமல் காய்ச்சல், தசை நோ, கண் சிவத்தல் என்பன வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது. காய்ச்சல் வந்தால் வீட்டில் இருந்து பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இரண்டாவது, பச்சைக் கீரை. ஈரல் தட்டைப்புழு மனிதருக்கும் வரக்கூடியது. மாடு மேயும் நீரோரத்தில் வளர்ந்த கீரையைப் பச்சையாக உண்பதால் பல நாடுகளில் அது பரவியிருக்கின்றது. எங்களுக்கு வல்லாரைச் சம்பல் இல்லாத வீடு இல்லை. வல்லாரையை விட்டுவிடச் சொல்லவில்லை. சம்பலுக்கு, வீட்டுக் கிணற்றடியில் மாடு நுழையாத பாத்தியில் வளர்ந்ததை எடுங்கள். குளத்தோரத்திலும் வாய்க்கால் கரையிலும் பிடுங்கியதை வதக்கி, அவித்துச் சாப்பிடுங்கள். கழுவுவதால் மட்டும் அந்தக் கோதுகள் முற்றாகப் போய்விடுவதில்லை. சூட்டில் செத்துவிடும்.

மூன்றாவது, நத்தை இறைச்சி. மூலவியாதிக்கு நல்லது என்று நத்தை சாப்பிடும் வழக்கம் சிலரிடம் இருக்கின்றது. எலியின் நுரையீரல் இரத்தக் குழாயில் வாழும் ஒரு புழு, நத்தைகளிலும் தங்குகின்றது. அரைவேக்காட்டு நத்தையோடு அது எங்கள் உடலுக்குள் போனால் மூளையைச் சூழ்ந்த சவ்வைத் தாக்கும், கண்ணுக்கும் போகும். இலங்கையில் ஒருவரின் கண்ணில் இவ்வகைப் புழு கண்டதை 1993இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றார்கள். தோட்டங்களில் ஊரும் பெரிய ஆபிரிக்க நத்தையிலும் இந்தப் புழு இருக்கலாம். பிள்ளைகள் அதைக் கையால் எடுத்து விளையாடினால் சவர்க்காரம் போட்டுக் கழுவச் செய்யுங்கள்.

எங்கள் முன்னோர் வைத்த தொட்டி

சங்கிலியில் ஒரு வளையத்தை அறுத்தாலே போதும், முழுச் சங்கிலியும் பயனற்றுப் போகும். ஜப்பானில் பில்ஹார்சியாவைப் போன்ற ஒரு நோயைப் பரப்பும் நத்தையை 1913இல் கண்டுபிடித்தார்கள். வாய்க்கால்களுக்குச் சீமெந்து கட்டி, நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, வயலில் மாட்டுக்குப் பதிலாகக் குதிரையைக் கட்டி, எத்தனையோ வழிகளில் பாடுபட்டு, யமனாஷி மாகாணத்தில் நோய் ஒழிந்தது என்று 1996இல் அறிவித்தார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை.

யாழ்ப்பாணத்து வீதியோரங்களில், மடங்களுக்கும் கிணறுகளுக்கும் அருகில், ஆவுரஞ்சிக் கல்லையும் கல்லால் ஆன தண்ணீர்த்தொட்டியையும் கண்டிருப்பீர்கள். மாடு உடம்பைத் தேய்க்க ஒரு கல், குடிக்க ஒரு தொட்டி. கிணற்றிலிருந்து இறைத்த நல்ல நீரை வாயில்லாச் சீவன்களுக்கு வைப்பது தர்மம் என்று எங்கள் முன்னோர் கருதினார்கள். நத்தையையும் புழுவையும் பற்றி அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் தொட்டியில் கிணற்று நீர் குடிக்கும் மாடு குளத்தில் இறங்கத் தேவையில்லை. சாணம் குளத்தில் விழுவதில்லை. சங்கிலி இரண்டு இடத்தில் அறுகின்றது. இன்று அந்தத் தொட்டிகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன.

அதேபோல எங்கள் பழைய வேலிகள். பூவரசு, கிளிசரியா, முள்முருக்கு, முருங்கை என்று வேலி நிறையக் குழை இருந்தது. ஆட்டுக்குப் புல்லைவிடக் குழையில்தான் விருப்பம். மரத்துக் குழையில் நத்தையும் இல்லை, புழுவின் கோதும் இல்லை. இடம்பெயர்வில் வேலிகள் அழிந்தன. திரும்பி வந்தவர்களுக்குத் தகரமும் கம்பியும் கிடைத்தன. குழை இல்லாத காணியில் ஆட்டைக் கொடுத்தால் அது குளத்தடிக்குத்தான் போகும். ஆகவே அந்தச் சகோதரியின் ஆடுகள் இறந்தது அவர் பராமரிக்காததால் அல்ல. அவருடைய வேலி யுத்தத்தில் அழிந்துபோனதும் அதற்கு ஒரு காரணம்.

வைத்தியர் கொடுத்த மருந்தில் அவருடைய மூன்றாவது ஆடு தேறியது. இப்போது கொட்டிலோரம் பாதியாக வெட்டிய பரல் ஒன்றில் கிணற்று நீர் வைக்கின்றார். வேலி முழுவதும் கிளிசரியா நட்டிருக்கின்றார்.

நாம் செய்யக்கூடியவை

குடிநீர்: கொட்டிலில் தொட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு வரும்.

தீன்: வேலியில் குழை மரங்களின் தடி நடுங்கள். வேறு வழியில்லாமல் குளத்தோரப் புல் வெட்டினால், நீர் மட்டத்துக்கு மேலே வெட்டி, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்துப் போடுங்கள். ஈரல் தட்டைப்புழு மிகுந்த இந்தோனேசியாவில் வைக்கோலைக்கூட இப்படிக் காயவைத்துக் கொடுக்கச் சொல்கின்றார்கள்.

சாணம்: பச்சைச் சாணத்தை வயலிலும் குளத்தருகிலும் போடாதீர்கள். குவித்து, கிடுகால் மூடி, இரண்டு மூன்று மாதம் உக்கவிடுங்கள். உள்ளே எழும் சூட்டில் முட்டைகள் அழியும். தோட்டத்துக்கும் நல்ல பசளை கிடைக்கும்.

மருந்து: கடையில் பூச்சி மருந்து வாங்கி நீங்களாகப் பருக்காதீர்கள். உருண்டைப் புழுவுக்கான மருந்துகள் பல தட்டைப்புழுவைக் கொல்வதில்லை. தாடை வீக்கம் இரத்தம் குடிக்கும் உருண்டைப் புழுவாலும் வரும். எது என்பதைப் புழுக்கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காலையில் விழுந்த புழுக்கையைச் சுத்தமான போத்தலில் எடுத்துக்கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். மருந்து பருக்கிய பின் எத்தனை நாளுக்குப் பாலை எடுக்கக்கூடாது என்பதையும் கேளுங்கள்.

குளம்: நத்தையைக் கொல்ல மயில்துத்தமோ வேறு நஞ்சோ குளத்தில் போடவே வேண்டாம். மீனும் சாகும். சுண்ணக்கல் நிலத்தில் குளத்தில் போட்டது கிணற்றுக்கும் வந்துசேரும். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. கோடையில் சிரமதானம் செய்து ஆகாயத்தாமரையையும் பாசியையும் அள்ளி வெயிலில் போடுவதே நல்லது. தூர்வாருவதற்குக் கமநல சேவை நிலையத்திடமும் பிரதேச சபையிடமும் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுக்கலாம். தாரா வளர்த்தால் நத்தையைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர்க் கடியை உண்டாக்கும் பறவைப் புழு தாராவிலும் இருக்கும். ஆகவே பிள்ளைகள் குளிக்கும் குளத்தில் தாராவை விடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கின்றது. ஆடு, மாடு கொடுக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், கொடுக்கும் முன்பே கேளுங்கள்: குழை நட உதவி உண்டா? தொட்டி உண்டா? வருடத்துக்கு இரண்டு முறை புழுக்கைப் பரிசோதனை உண்டா? ஆடு இறந்தால் காரணத்தைக் கால்நடை வைத்தியர் பார்த்து எழுதுவாரா? "பராமரிப்புக் குறைவு" என்று யாராவது எழுதினால், பரிசோதனை அறிக்கையைக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கின்றது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள்.

யுத்தத்தில் நாம் இழந்தவற்றுக்கெல்லாம் எங்கள் தலைவிதியையே காரணமாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கப்படுத்திவிட்டார்கள். கொட்டிலில் ஓர் ஆடு சாவதற்கும் விதியைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஒரு புழு இருக்கின்றது. அந்தப் புழுவுக்கு ஒரு நத்தை இருக்கின்றது. வரும் மாரிக்கு முன்பே தொட்டியைக் கழுவி, வேலியில் நாலு தடியை நட்டுவிடுங்கள்.